வீட்டில் தைக்கும் துணிப் பொம்மைகள்: நீண்ட காலப் பயன்பாட்டில் கண்டவை

வீட்டில் தைத்த துணிப் பொம்மைகளைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் தைத்து முடித்த அன்றே எழுதப்பட்டுவிடுகின்றன. அன்றைக்கு எல்லாப் பொம்மையும் அழகாகத்தான் இருக்கும். எச்சில் பட்டு, தரையில் இழுபட்டு, பலமுறை துவைபட்ட பிறகு அதே பொம்மை எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் அடுத்த பொம்மையைத் தைக்கப்போகிறவருக்குத் தேவையான செய்தி. என் வீட்டுக் குழந்தைகளுக்கும் உறவினர், நண்பர் வீட்டுக் குழந்தைகளுக்கும் பல ஆண்டுகளாக முயல், யானை, பந்து, கிலுகிலுப்பை, துணிப் புத்தகம் என்று தைத்துக் கொடுத்து, அவற்றில் பலவற்றைப் பழுதுபார்ப்பதற்காகத் திரும்ப வாங்கிப் பிரித்தும் பார்த்திருப்பதால், எது உழைத்தது, எது உழைக்கவில்லை என்பதை எழுத முடியும் என்று நம்புகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கடையில் வாங்குவதைவிடச் செலவு குறையும் என்று எண்ணி யாரும் இதில் இறங்க வேண்டாம். நல்ல துணி, நல்ல நூல், நல்ல பஞ்சு, உட்கார்ந்து தைக்கும் நேரம் ஆகிய அனைத்தையும் கூட்டினால் கணக்கு பெரும்பாலும் கைக்கு மேலேதான் போகும். தைத்தவரே அந்தப் பொம்மையைத் திறந்து சரிசெய்ய முடியும் என்பதே இதன் பெரிய ஆதாயம். ஆகவே துணி வெட்டும்போதே பழுதுபார்க்கும் நாளையும் மனத்தில் வைத்து வெட்ட வேண்டும்.

பொம்மைக்கு ஏற்ற துணி எது என்ற கேள்விக்கு என் விடை மிக எளிது: நெருக்கமாக நெய்த, நடுத்தரக் கனமுள்ள பருத்தித் துணி. வெளுக்காத காடாத் துணியும் பாப்ளினும் இந்த வகையில் அடங்கும். புதுப் பருத்தித் துணி முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்குவது சாதாரணம் என்பதால், வெட்டுவதற்கு முன்பே வெந்நீரில் அலசி, காயவைத்து, இஸ்திரி போட்டுக்கொள்ள வேண்டும். ஒரே பொம்மையில் இரண்டு வகைத் துணி சேரும்போது இந்தச் சுருக்கம் பெரிதாகத் தெரியும். உடல் சுருங்கி வயிற்றுத் துண்டு சுருங்காமல் நின்றால் தையலோரம் முழுவதும் நெளிந்துவிடும். அடர் சிவப்பு, கருநீலம் போன்ற நிறங்களை ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்து, சாயம் ஒட்டவில்லை என்று உறுதியான பின்பே பயன்படுத்துகிறேன். குழந்தை வாயில் வைத்துச் சப்பப்போகும் பொருளில் இதற்கு விட்டுக்கொடுக்க இடமில்லை.

ஓரம் பிசிறாது என்ற ஒரே காரணத்துக்காகப் புதிதாகத் தொடங்குபவர்கள் ஃபெல்ட்டைத் தேடிப் போகிறார்கள். மலிவான செயற்கை இழை ஃபெல்ட் நெய்த துணி அல்ல. இழைகளை ஊசிகளால் குத்திக் குத்திப் பின்னிப்பிணைத்த படலம். அதனால் சில மாதப் புழக்கத்திலேயே மேற்பரப்பு சிறு சிறு உருண்டைகளாகத் திரள்கிறது, ஓரத்துக்கு நெருக்கமாகத் தைத்த இடங்களில் தையலோடு பிய்ந்து வருகிறது. கம்பளி ஃபெல்ட் நன்றாக உழைக்கும், ஆனால் வெந்நீர் பட்டால் சுருங்கி இறுகும். அடிக்கடி துவைக்க வேண்டியிராத சுவர்த் தொங்கல்களுக்கும், சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கான விரல் பொம்மைகளுக்கும் மட்டுமே இப்போது ஃபெல்ட்டை எடுக்கிறேன். ஃப்ளீஸ் என்ற மெத்தென்ற செயற்கை இழைத் துணி மென்மையானது, பிசிறாதது, சீக்கிரம் உலர்வது. ஆனால் அது ஒரு திசையில் அதிகமாக இழுபடும். இழுபடும் திசை பொம்மையின் அகலவாக்கில் வருமாறு வெட்டினால் வயிறு அழகாக உருண்டு வரும். உயரவாக்கில் வைத்தால் பஞ்சு அடைக்க அடைக்கப் பொம்மை நெட்டையாகிக்கொண்டே போய்க் கழுத்து தளர்ந்துவிடும். நீள ரோமத் துணியைப் பின்பக்கத்திலிருந்து கத்தரியின் நுனியால் அடித்துணியை மட்டும் வெட்ட வேண்டும். அப்படிக் கவனமாக வெட்டினாலும் ரோமம் சிறிது காலம் உதிரத்தான் செய்யும் என்பதால், எதையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தைகளுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

பொம்மையின் ஆயுளை முடிவு செய்வது தையல்தான். சட்டை தைப்பதற்கு இயந்திரத்தில் வழக்கமாக வைக்கும் 2.5 மி.மீ. தையல் நீளம் பொம்மைக்கு அதிகம். உள்ளிருந்து பஞ்சு தள்ளும்போது தையல் பல்லிளித்து, இடையில் வெள்ளையாகப் பஞ்சு எட்டிப் பார்க்கும். 1.5 முதல் 2 மி.மீ. வரை வைத்துத் தைத்தவற்றில் இந்தக் குறை எழவில்லை. நூல் பாலியஸ்டராக இருப்பது நல்லது. அதே கனமுள்ள பருத்தி நூலைவிட அது இழுவையைத் தாங்கும். தையலுக்கு வெளியே 6 மி.மீ. துணி விட்டு, காது நுனி, விரல் இடுக்கு போன்ற இறுக்கமான வளைவுகளில் மிதியை விட்டுவிட்டுக் கைச்சக்கரத்தைச் சுழற்றி ஒவ்வொரு தையலாகப் போடுவதே பாதுகாப்பான வழி. பிறகு உள்வளைவில் தையலை நெருங்கும்வரை நேராகச் சிறு வெட்டுகளும், வெளிவளைவில் ஆப்பு வடிவ வெட்டுகளும் கொடுக்க வேண்டும். இதைச் சோம்பலில் தவிர்த்தால், திருப்பிப் போட்டபின் எவ்வளவு பஞ்சு அடைத்தாலும் வளைவு வளைவாக நிற்காது.

குழந்தை பொம்மையை இடுப்பைப் பிடித்துத் தூக்குவதில்லை. ஒரு காதையோ ஒரு கையையோ பற்றிக்கொண்டு வீடு முழுக்க இழுத்துப் போகிறது. பழுதாகி வந்த பொம்மைகளில் பெரும்பாலானவற்றில் விட்டுப்போயிருந்தது இந்த இணைப்புதான். காதின் அடிப்பகுதியைத் தலைத் துண்டின் தையலுக்குள் ஓரளவு மட்டும் நுழைத்தால் போதாது. நன்றாக ஒரு செ.மீ. உள்ளே போகும்படி நுழைத்து, முதலில் ஓட்டுத் தையலில் நிறுத்தி, பிறகு இரண்டு வரிசை இயந்திரத் தையல் போட்டால் எளிதில் அசையாது. தலைக்கும் உடலுக்கும் இடையே கழுத்துத் தையலே இல்லாமல் ஒரே துண்டாக வெட்டிய பொம்மைகள் எல்லாவற்றையும்விட நீண்ட நாள் நிலைத்தன. 1880-இல் ஜெர்மனியில் மார்கரேட்டே ஷ்டைஃப் தைத்து விற்ற சிறு ஃபெல்ட் யானை, குண்டூசி குத்திவைக்கும் மெத்தையாக எண்ணிச் செய்யப்பட்டது; குழந்தைகள் அதை எடுத்து விளையாடத் தொடங்கிய பிறகே அது பொம்மையாயிற்று. உலகப் புகழ் பெற்ற ஒரு பொம்மை நிறுவனத்தின் தொடக்கமே, நேர்த்தியான விவரங்கள் அதிகம் இல்லாத, கைக்கு அடக்கமான ஓர் உருவம்தான் என்பது, சிக்கலான வடிவங்களின் மேல் ஆசை வரும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்ளும் செய்தி.

பஞ்சு அடைப்பதற்கான வாயை எங்கே விடுவது என்பதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. தலையின் வளைவிலோ கால் இடுக்கிலோ விட்டால் மூடும் தையல் மேடு தட்டிவிடும். முதுகுப் பக்கத்தில், நேர்கோடாக ஓடும் தையலில் 5 அல்லது 6 செ.மீ. இடம் விட்டு, அதன் இரு முனைகளிலும் முன்னும் பின்னுமாகத் தைத்து உறுதிப்படுத்திக்கொள்கிறேன். பஞ்சு அடைத்து முடித்ததும், மடிப்பின் ஒரு விளிம்பில் ஒரு தையல், எதிர் விளிம்பில் ஒரு தையல் என்று ஏணிப்படி போல மாற்றி மாற்றிக் கோத்து இழுத்தால் நூல் உள்ளே மறைந்துவிடும். இந்த மறை தையலுக்கு மட்டும் துணியின் நிறத்திலிருந்து சற்றே வேறுபட்ட நூலை இரட்டையாக எடுத்துக்கொள்கிறேன். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது; பின்னாளில் பஞ்சு மாற்றவோ கையை மறுபடி பொருத்தவோ வேண்டியிருந்தால் எந்த நூலை வெட்ட வேண்டும் என்று தேட வேண்டியிராது.

பஞ்சைப் பொறுத்தவரை என் கருத்து காலப்போக்கில் உறுதிப்பட்டதே தவிர மாறவில்லை. பருத்திப் பஞ்சு கைக்கு இதமான கனத்தைத் தரும், ஆனால் துவைத்தால் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும், நடுப்பகுதி உலர்வதற்கு மிகுந்த நேரம் பிடிக்கும். அரைகுறையாக உலர்ந்த பொம்மையில் முதலில் வாடையும் பின்பு பூஞ்சையும் வரும். இலவம் பஞ்சு எடையே இல்லாததுபோல் இருக்கும், தண்ணீரையும் எளிதில் உறிஞ்சாது; ஆனால் அடைக்கும்போது நுண்ணிய இழைகள் பறந்து மூக்கில் ஏறும், நெருக்கமில்லாத துணியின் வழியாகவும் வெளியே வரும், எளிதில் தீப்பற்றும். வெட்டி எஞ்சிய துண்டுத் துணிகளைக் கொண்டு அடைப்பது சிக்கனமாகத் தோன்றினாலும், பொம்மை கனத்துப்போய், மேலே புடைப்புகள் தெரியும். தரையில் உருட்டி விளையாடும் பந்துக்கோ, உட்காரும் பொம்மையின் அடிப்பகுதிக்கோ அது பொருந்தும், தூக்கி வைத்துக் கொஞ்சும் பொம்மைக்குப் பொருந்தாது. அரிசியோ பயறோ உள்ளே போட்ட பொம்மையைத் துவைக்கவே முடியாது, பூச்சியும் வரும். எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தால், அடிக்கடி துவைக்க வேண்டிய பொம்மைக்குப் பாலியஸ்டர் பஞ்சே நடைமுறைக்கு ஏற்றது: அமுக்கினால் மீண்டு எழும், சீக்கிரம் உலரும், நாறாது. அது இயற்கைப் பொருள் இல்லையே என்ற மனக்குறை எனக்கும் உண்டு. துவைத்து உலர்த்தும் வேலை வரும்போது அந்தக் குறை பின்னுக்குப் போய்விடுகிறது. எந்தப் பஞ்சானாலும் பெரிய உருண்டையாகத் திணிக்காமல் விரலளவாகப் பிய்த்து, முதலில் கை, கால், காது நுனிகளில் வைத்து, மழுங்கிய குச்சியால் தள்ளிக்கொண்டே வர வேண்டும். கழுத்துப் பகுதியில் நினைப்பதைவிடக் கூடுதலாக அடைக்க வேண்டும். புழக்கத்தில் முதலில் தொய்வது அந்த இடம்தான்.

முகத்தைப் பற்றிச் சொல்லும்போது பாதுகாப்பையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பின்பக்கம் வளையம் மாட்டி இறுக்கும் பிளாஸ்டிக் கண்களைப் ‘பாதுகாப்புக் கண்’ என்ற பெயரில் விற்கிறார்கள். துணி கிழிந்தால் வளையத்தோடு முழுக் கண்ணும் கழன்று வரும் என்பதால், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தைப்பதில் அவற்றையும் பொத்தான், மணி ஆகியவற்றையும் நான் சேர்ப்பதில்லை. சிறு பாகங்களைச் சோதிக்கத் தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் உருளையின் உள்விட்டம் 31.7 மி.மீ.; அதற்குள் முழுமையாக அடங்கும் எந்தப் பாகமும் இந்த வயதுக்கு ஆபத்தானது. இந்த அளவை அட்டையில் வட்டமாக வெட்டி வைத்துக்கொண்டால் வீட்டிலும் தோராயமாகச் சரிபார்க்கலாம். நூலால் தைத்த கண்களில் இந்தக் கவலை இல்லை, என் அனுபவத்தில் அவை பிளாஸ்டிக் கண்களைவிட நீண்ட நாள் முகத்தைக் காப்பாற்றுகின்றன. எம்பிராய்டரி நூலின் ஆறு இழைகளில் மூன்றைப் பிரித்தெடுத்து, நிரப்புத் தையல்களைக் குட்டையாகப் போட வேண்டும். நீளமாக ஓடும் இழை குழந்தையின் நகத்தில் மாட்டி இழுபட்டுவிடும். முகத்தை வரையும் பேனாவிலும் கவனம் தேவை: தண்ணீரில் அழியும் நீல மையின் மேல் இஸ்திரிப் பெட்டி பட்டால் கறை நிரந்தரமாகத் தங்கிவிடக்கூடும், சூட்டில் மறையும் மையோ கடுங்குளிரில் மறுபடி தோன்றக்கூடும்.

பிறந்த குழந்தைக்குப் பரிசு தைப்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். முதல் ஆண்டில் குழந்தை உறங்கும் இடத்தில் மென்பொம்மை எதுவும் இருக்கக் கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் வற்புறுத்துகிறார்கள். மூச்சுத் திணறல் அபாயம் உண்மையானது. எனவே விழித்திருக்கும்போது காட்டுவதற்கென்று, கறுப்பும் வெள்ளையும் கலந்த பெரிய வடிவங்களைக் கொண்ட தட்டையான துணிப் புத்தகத்தையே அந்த வயதுக்குக் கொடுக்கிறேன். பிறந்த குழந்தையின் கண்ணுக்கு 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் உள்ள பளிச்சென்ற வேறுபாடுகளே நன்றாகத் தெரியும். ஆறு மாதத்துக்கு மேல் கைக்குள் அடங்கும் வளையமும் கிலுகிலுப்பையும் பொருந்தும். உள்ளே வைக்கும் ஓசைக் குப்பியை மூடியோடு சேர்த்துத் தனித் துணிப்பையில் தைத்து, அதன்பின் பஞ்சின் நடுவில் வைக்க வேண்டும். பொத்தான் போடவும் ஜிப் இழுக்கவும் பழக்கும் துணிப் புத்தகங்கள் மூன்று வயதுக்கு மேல் நன்றாகப் பயன்பட்டன. அவற்றில் ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோவை மட்டும் மூடிய நிலையில் துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் முரட்டுப் பக்கம் மற்ற பக்கங்களைப் பிறாண்டிவிடும்.

கருவிகளில் பெரிதாக எதுவும் தேவையில்லை. நேர்த்தையல் மட்டும் போடும் சாதாரண இயந்திரம் போதும். பருத்திக்கு 80 எண் ஊசி, கனத்த அடுக்குகளுக்கு 90, இழுபடும் துணிக்கு முனை உருண்ட ஊசி. கையால் தைப்பவர்கள், ஒவ்வொரு முறையும் ஊசியைச் சற்றுப் பின்னால் குத்தி முன்னால் எடுக்கும் பின் தையலை நெருக்கமாகப் போட்டால் அதுவும் சளைக்காமல் உழைக்கிறது. குண்டூசிகளைப் பொறுத்து ஒரு பழக்கம் உண்டு: தொடங்கும்போது எண்ணி எடுத்து, வாயை மூடுவதற்கு முன் திரும்ப எண்ணுகிறேன், மூடிய பிறகு பொம்மையின் மேல் வலுவான காந்தம் ஒன்றை எல்லாப் பக்கமும் நகர்த்திப் பார்க்கிறேன். இதைச் செய்யாமல் எந்தப் பரிசும் வீட்டை விட்டு வெளியே போவதில்லை.

துவைப்பதற்குத் தலையணை உறைக்குள் போட்டு முடிச்சிட்டு, மென்மையான சுழற்சியில் குளிர்ந்த நீரில் ஓடவிடுவது போதும். காயவைக்கும்போது காதில் கிளிப் மாட்டித் தொங்கவிடாமல் வலைத்தட்டில் கிடத்தினால் பஞ்சு ஒரு பக்கமாக இறங்காது. ஆண்டுக்கு ஒருமுறையாவது எல்லா இணைப்புகளையும் இழுத்துப் பார்ப்பது நல்லது. நூல் தேய்ந்த இடத்தை அப்போதே இரண்டு தையலில் பிடித்துவிடலாம். கிழிந்த இடத்தில் ஒட்டுப் போடும்போது அதே துணி கிடைக்காமல் போவதுதான் அடிக்கடி வரும் சிக்கல் என்பதால், ஒவ்வொரு பொம்மைக்கும் துணி வெட்டப் பயன்படுத்திய அட்டை அச்சோடு உள்ளங்கை அளவுத் துணியையும் ஒரு சுற்று நூலையும் உறையில் போட்டுப் பெயர் எழுதி வைக்கிறேன். வெளியூர்க் குழந்தைக்குக் கொடுப்பதாக இருந்தால் அந்த உறையையும் பரிசோடு சேர்த்தே தாயிடமோ பாட்டியிடமோ கொடுத்து, முதுகில் எந்த நூலைப் பிரிக்க வேண்டும் என்பதையும் காட்டிவிடுகிறேன்.