சண்டையில்லாமல் பிரிகிறவர்கள் கவனத்துக்கு: ஒரே ஆலோசகரிடம் இருவரும் ஏமாந்தோம்

மனமொத்துப் பிரியலாம் என்று முடிவெடுத்திருக்கும் கணவன் மனைவி யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். கோர்ட்டில் அடித்துக்கொள்கிறவர்களுக்கு ஆளுக்கொரு வக்கீல் இருக்கிறார். எதிர்த்தரப்பு என்ன செய்கிறது என்று எப்போதும் ஒரு கண் வைத்திருப்பார்கள். நமக்குள் சண்டையே இல்லையே என்று இருந்த எங்களைத்தான் ஒருவர் எட்டு மாதம் ஏமாற்றினார்.

பதினொரு வருடத் திருமணம், ஒரு மகள். ஏன் பிரிந்தோம் என்பது இங்கே தேவையில்லை. ஒருவரையொருவர் அவமானப்படுத்தாமல் முடித்துக்கொள்வோம் என்று இருவரும் பேசி வைத்திருந்தோம். அப்போதுதான் இணையத்தில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. கணவன் மனைவி இருவருக்கும் ஒரே ஆலோசகர், ஒரே கட்டணம், சட்டமும் பணவிஷயமும் ஒரே இடத்தில், கோர்ட் படி ஏற வேண்டாம். எங்கள் மனநிலைக்கு அது வரம் போலத் தெரிந்தது. இரண்டு வக்கீல் வைத்தால் இல்லாத சண்டையை மூட்டிவிடுவார்கள் என்று எங்களுக்கு ஒரு பயம் இருந்தது. அந்தப் பயத்தைத்தான் அவர் காசாக்கினார்.

முதல் சந்திப்பிலேயே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். நாங்கள் பிரிந்து அப்போது பத்து மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு வருடம் ஆகவேண்டும் என்பார்களே என்று என் கணவர் கேட்டார். "அது ஒண்ணும் பிரச்சினை இல்ல சார், தேதிய முன்னாடி போட்டுக்கலாம்" என்றார் ஆலோசகர். நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணம் செய்து கொடுக்கும் மனுவில் பொய்த் தேதி போடலாம் என்று சர்வசாதாரணமாகச் சொன்னார். நாங்களும் தலையாட்டினோம். இருவருக்கும் சேர்த்து 90,000 ரூபாய். பாதியை ரொக்கமாக வாங்கிக்கொண்டார். ரசீதில் "ஆவணச் செலவு" என்று மட்டும் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒப்பந்தம் என்று முத்திரைத்தாளில் ஏழு பக்கம் நீட்டினார். எங்களுக்கு இருப்பது ஒரே மகள். நான்காம் பக்கத்தில் "மேற்படி இரண்டு ஆண் குழந்தைகளும் தாயாரின் பொறுப்பில்" என்று இருந்தது. வேறு யாருக்கோ எழுதியதில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். நான் காட்டியதும் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்து, மேலே பொடி எழுத்தில் "ஒரு பெண் குழந்தை" என்று எழுதி, ஓரத்தில் இருவரிடமும் சுருக்கொப்பம் வாங்கினார். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த ஒரு வரியைத் திருத்த வைத்தேனே தவிர, மற்ற ஆறு பக்கத்தையும் அதே கவனத்தோடு படிக்கவில்லை. அன்றே நோட்டரி முத்திரை குத்தினார்கள். கூடவே வெற்றுத்தாள் நாலைந்திலும் கையெழுத்துக் கேட்டார். போட்டோம்.

"இதோட முதல் கட்டம் முடிஞ்சது மேடம். இனி ஆறு மாசம் காத்திருந்தா போதும்" என்றார்.

உண்மை வெளியே வந்தது ஒரு பத்திர எழுத்தர் மூலம். எங்கள் வீடு இருவர் பெயரிலும் இருக்கிறது, வீட்டுக்கடனும் இருவர் பெயரில்தான். வீட்டை என் கணவர் வைத்துக்கொள்வார், மிச்சக் கடனையும் அவரே கட்டுவார், என் பங்குக்கு ஒரு தொகை தருவார் என்பது எங்கள் பேச்சு. ஒப்பந்தப்படி நான் முதலில் என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும், பணம் தீர்ப்புக்குப் பிறகு வரும். எட்டாவது மாதம், "பத்திரத்த முடிச்சிட்டா தீர்ப்பு சீக்கிரம் வந்துடும்" என்று ஆலோசகர் நெருக்கவே, பத்திர எழுத்தரிடம் போனேன். வயதானவர். ஏழு பக்கத்தையும் நிதானமாகப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்:

"ஏம்மா, கடன் இன்னும் நிக்குது. பாங்க்ல என்.ஓ.சி. வாங்கினியா? தீர்ப்பு நகல் எங்க?"

என்.ஓ.சி. என்றால் வங்கி தரும் ஆட்சேபமில்லாச் சான்று. அது இல்லை, கேஸ் நடக்கிறது என்றேன். "நம்பர் சொல்லு" என்றார். என்னிடம் நம்பர் இல்லை. அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பத்திரம் எழுத வாங்கி வைத்திருந்த முன்பணத்தை அப்படியே என் பக்கம் தள்ளினார். "மொதல்ல நம்பர வாங்கிட்டு வாம்மா" என்றார்.

அன்று இரவு, வழக்கு விவரம் பார்க்க உதவும் ஈ-கோர்ட்ஸ் செயலியைப் போனில் இறக்கிப் பார்த்தேன். இந்தியாவில் கீழமை நீதிமன்றம் ஒன்றில் ஒரு வழக்கு பதிவானால் அதற்கு 16 இலக்க சி.என்.ஆர். எண் ஒன்று கிடைக்கும். அந்த எண்ணையோ மனுதாரர் பெயரையோ போட்டுத் தேடினால் வழக்கு எந்த நீதிமன்றத்தில், எந்த நிலையில், அடுத்த வாய்தா எப்போது என்று வந்துவிடும். காசு கிடையாது. என் பெயர், கணவர் பெயர், இன்ஷியல் முன்னால், பின்னால் என்று எல்லா விதமாகவும் தேடினேன். எதுவும் வரவில்லை. மறுநாள் குடும்ப நல நீதிமன்றத்துக்கே போய் விசாரித்தேன். அப்படி ஒரு மனுவே தாக்கலாகவில்லை. எட்டு மாதமாக எங்கள் கையில் இருந்தது நோட்டரி முத்திரை குத்திய ஏழு தாள்.

நோட்டரி முத்திரையால் திருமணம் முறியாது. இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டலாம் போல இருக்கிறது. இந்து திருமணச் சட்டம் 1955-இன் 13பி பிரிவில்தான் மனமொத்த விவாகரத்து வருகிறது. 1976 திருத்தத்தில் சேர்த்த பிரிவு அது. ஒரு வருடமாவது தனித்தனியாக வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே வீட்டில் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழாமல் இருந்தால் அதுவும் தனித்து வாழ்வதுதான் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லியிருக்கிறது. இருவரும் சேர்ந்து மனு போட்ட பிறகு ஆறு மாதத்துக்குக் குறையாமல், பதினெட்டு மாதத்துக்கு மிகாமல், மறுபடி வந்து கேட்க வேண்டும். நீதிபதி இருவரையும் விசாரித்து, சம்மதம் மனப்பூர்வமானதுதானா என்று தெரிந்துகொண்ட பிறகே தீர்ப்பு. தீர்ப்பு வரும் வரை இருவரில் யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். ஆகவே, "பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாச்சு, முடிஞ்சது" என்று யார் சொன்னாலும் அது பொய்.

சிறப்புத் திருமணச் சட்டம் 1954-இல் திருமணம் செய்தவர்களுக்கு 28-ஆம் பிரிவு, கிறிஸ்தவர்களுக்கு 1869 விவாகரத்துச் சட்டத்தின் 10ஏ பிரிவு. நடைமுறை கிட்டத்தட்ட இதே மாதிரிதான், ஆனால் காலக்கெடுவில் வித்தியாசம் உண்டு. உங்கள் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணமும் நேரமும் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த எட்டு மாதத்தில் அவர் எங்கள் இருவருக்கும் நடுவில் செய்த காரியத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஏன் தாமதம் என்று நான் கேட்கும்போதெல்லாம், "சார்தான் மேடம் இழுக்கிறார்" என்பார். என் கணவர் கேட்டால், "மேடம் இன்னும் கொஞ்சம் தொகை எதிர்பார்க்கிறாங்க சார்" என்பார். நான் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கேட்கவில்லை. மகளைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வந்துகொண்டிருந்தவர் வருவதைக் குறைத்தார். நானும் போன் எடுப்பதைக் குறைத்தேன். இருவரும் நேராக உட்கார்ந்து பேசியபோதுதான் இரண்டு கதையும் ஒரே வாயிலிருந்து வந்தது என்று புரிந்தது. இருவருக்கும் பொதுவான ஆள் என்றால் இப்படியும் நடக்கும்: நீங்கள் அவரிடம் சொல்வதை மற்றவரிடம் எப்படி மாற்றிச் சொல்கிறார் என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது.

அப்புறம் ஆளுக்கொரு வக்கீல் வைத்தோம். நாங்கள் பயந்தபடி ஒரு சண்டையும் வரவில்லை. என் வக்கீல் அந்த ஏழு பக்கத்தை அரை மணி நேரத்தில் படித்துவிட்டு, சிவப்புப் பேனாவால் மூன்று இடத்தில் வட்டம் போட்டார்.

முதல் வட்டம் வீட்டுக்கடன். "மீதிக் கடனை முதல் தரப்பார் செலுத்துவார்" என்று எங்களுக்குள் எழுதிக்கொண்டது வங்கியைக் கட்டுப்படுத்தாது. அந்த ஒப்பந்தத்தில் வங்கி கையெழுத்துப் போடவில்லை. விவாகரத்துத் தீர்ப்பே வந்தாலும், கூட்டுக் கடன்தாரராக என் பெயர் இருக்கும் வரை முழுக் கடனுக்கும் நானும் பொறுப்பு. இது எனக்கு அனுபவமாகவே வந்தது. சிறு தொகை ஒன்று கடன் கேட்டு வேறொரு வங்கிக்குப் போனபோது மறுத்துவிட்டார்கள். அங்கே இருந்த பெண் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வீட்டுக்கடனில் இரண்டு தவணை தாமதம், என் சிபில் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்) இறங்கியிருந்தது. என் கணவர் வேண்டுமென்று செய்யவில்லை. சம்பளக் கணக்கை மாற்றியதில் தவறிப்போயிருக்கிறது. ஆனால் வங்கிக்கு அந்தக் காரணம் வேண்டியதில்லை. கடனை அவர் ஒருவர் பெயருக்கு மாற்ற வங்கி எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், அதற்கு அவர் ஒருவர் வருமானம் போதும் என்று வங்கிக்குத் தோன்ற வேண்டும். இதை முதல் நாளே விசாரித்திருக்க வேண்டும்.

இரண்டாவது வட்டம், பணம் வரும் வரிசை. சொத்தை முதலில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருப்பது ஆபத்து. இப்போது எங்கள் மனுவில், பாதித் தொகை முதல் மனு அன்று, மீதி இரண்டாம் முறை நீதிபதி முன் நிற்கும் நாளில் டி.டி.யாக என்று எழுதினோம். விடுதலைப் பத்திரம் வங்கியின் கடிதம் வந்த பிறகு. மொத்தமாக வரும் ஜீவனாம்சத்துக்குப் பொதுவாக வருமான வரி கிடையாது, மாதாமாதம் வந்தால் வாங்குகிறவருக்கு அது வருமானம் என்று ஆடிட்டர் சொல்லித்தான் தெரியும். "எதுக்கும் வரி இல்ல" என்று ஒரே வார்த்தையில் முடித்திருந்தார் ஆலோசகர்.

மூன்றாவது வட்டம் மகளுடைய வரி. "குழந்தைக்காகவும் எதிர்காலத்தில் எந்தக் கோரிக்கையும் எழுப்பமாட்டேன்" என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெற்ற தாயானாலும் குழந்தையின் ஜீவனாம்ச உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது, 2019-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது என்றார் வக்கீல். சட்டப்படி அந்த வரி செல்லாது. இருந்தாலும் அதன்கீழ் என் கையெழுத்தைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. என் கணவரும் அப்படி ஒரு வரி இருப்பதை அப்போதுதான் பார்த்தார். நான் கேட்கவில்லை, அதை எடுத்துவிடச் சொல்லுங்கள் என்றார்.

நீங்கள் யாரிடம் போனாலும், அவர் வழக்கறிஞரா என்று முதலில் கேளுங்கள். வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் பார் கவுன்சில் தந்த பதிவு எண்ணைக் கேளுங்கள். எங்கள் ஆள் கார்டில் "சட்ட ஆலோசகர்" என்று போட்டிருந்தார், சீனியர் கோர்ட்டில் இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார், அந்த சீனியரை நாங்கள் ஒருநாளும் பார்க்கவில்லை. வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்து கட்சிக்காரர் பிடிக்கக் கூடாது என்பதும், வாங்கித் தரும் தொகையில் பங்கு பேசக் கூடாது என்பதும் பார் கவுன்சில் விதி. வழக்கறிஞரே மோசம் செய்தால் நுகர்வோர் மன்றத்துக்குப் போக முடியாது, 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்புச் சொல்லிவிட்டது. மாநில பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். கட்டண பாக்கியைக் காட்டி உங்கள் கேஸ் கட்டைத் தராமல் வைத்துக்கொள்ளவும் அவருக்கு உரிமை இல்லை. எங்கள் ஆள் வழக்கறிஞரே இல்லை என்பதால் நாங்கள் போலீஸில் மோசடிப் புகார் கொடுத்தோம். அந்த வெற்றுத்தாள் கையெழுத்துகளையும் புகாரில் குறிப்பிட்டிருக்கிறோம், நாளைக்கு அவை எந்த வடிவில் வரும் என்று தெரியாதே. பணம் இதுவரை திரும்பவில்லை.

கையில் காசில்லை என்பதற்காக இப்படிப்பட்ட இடத்துக்குப் போகவே வேண்டாம். 1987 சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச வழக்கறிஞர் கிடைப்பார். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் எங்கே என்று நீதிமன்றத்தில் கேட்டாலே சொல்வார்கள், 15100 என்ற எண்ணிலும் விசாரிக்கலாம். எனக்கு இது தெரிந்திருந்தால் அந்த 90,000 ரூபாயில் என் பங்கு மகள் பெயரில் இருந்திருக்கும்.

உண்மையான மனு போடும்போது நாங்கள் பிரிந்து ஒன்றரை வருடம் தாண்டியிருந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு, எல்லாம் பேசி முடித்து, சேரவே வாய்ப்பில்லை என்றால், ஆறு மாதக் காத்திருப்பை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது எங்களுக்கு உதவியது. மனு தாக்கலான அன்று மாலையே வக்கீல் எண்ணை அனுப்பினார். நானே செயலியில் போட்டுப் பார்த்தேன். இரண்டு பேர் பெயரும் இருந்தது. தீர்ப்பும் வந்துவிட்டது.

வங்கிக் கடிதம் மட்டும் இன்னும் வரவில்லை. அது வரும் வரை ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி, தவணை பிடித்ததும் அவர் எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறார். இந்த மாதத்துக்கானது நேற்று வந்தது.