பாதியில் மூடிவைத்த புத்தகம் எது என்று கேட்கும் கடை

2016ஆம் ஆண்டு சென்னையிலிருந்து மாற்றலாகிக் காரைக்குடிக்கு வந்தேன். சாமான்களை இறக்கிய மறுநாளே புத்தகக் கடை எங்கே இருக்கிறது என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டேன். பலரும் பாடநூலும் நோட்டும் விற்கும் கடைகளுக்கு வழி சொன்னார்கள். கல்லூரி மாணவர் ஒருவர்தான், பழைய வீட்டு முகப்பு ஒன்றில் நடக்கும் இந்தக் கடையைச் சொன்னார். ஒன்பது ஆண்டுகளாகப் போய்வருகிறேன். கடைக்காரர் விளம்பரத்தை விரும்பாதவர் என்பதால் பெயரை எழுதவில்லை. உள்ளூர்க்காரர்களுக்கு இதைப் படிக்கும்போதே தெரிந்துவிடும்.

முதல் நாள், "நல்ல நாவலாக ஒன்று கொடுங்கள், அண்ணே" என்று கேட்டேன். அவர் அலமாரிப் பக்கம் திரும்பவே இல்லை. "தம்பி, கடைசியாகப் பாதியில் மூடிவைத்த புத்தகம் எது?" என்றார். பிடித்த புத்தகம் எது என்று என்னைப் பலர் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பெயர் பெற்ற நூல்களாகப் பார்த்துப் பதில் சொல்லிப் பழகியிருந்தேன். இதற்கு உண்மையைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. தடிமனான சரித்திர நாவல் ஒன்றைச் சொன்னேன். எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். போர் தொடங்கியதும் ஆட்கள் மறைந்து வாள்கள் மட்டும் மிஞ்சிவிட்டன என்றேன். எழுந்து போய் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை எடுத்து வந்தார். "இதிலும் போர் உண்டு. ஆட்கள் மறைய மாட்டார்கள்."

சிங்காரம் பக்கத்துச் சிங்கம்புணரிக்காரர். 1920இல் பிறந்து, இளம் வயதிலேயே வேலைக்காக இந்தோனேசியாவின் மேடானுக்குப் போனவர். நாவல் 1972இல் வெளிவந்தது. சென்னையில் இருந்தவரை அந்தப் புத்தகத்தை நான் கையில் எடுத்ததில்லை. காரைக்குடிக்கு வந்து மூன்றே இரவுகளில் படித்து முடித்தேன்.

பரிந்துரை அத்துடன் முடிவதில்லை என்பதுதான் இந்தக் கடையின் சிறப்பு. அண்ணன் ஒரு பேரேடு வைத்திருக்கிறார். சிவப்புத் துணி முதுகு வைத்த நீளமான கணக்குப் புத்தகம். முதல் பக்கத்தின் தலைப்பில் 'சிவமயம்' என்று எழுதியிருக்கும். வழக்கமாக வரும் ஒவ்வொருவருக்கும் அதில் ஓர் ஏடு உண்டு. பற்றுப் பக்கத்தில் வாங்கிய நூலும் தேதியும். வரவுப் பக்கத்தில், படித்த பின் நாம் வந்து சொன்னது. ஒன்றும் சொல்லாவிட்டால் அந்த இடம் வெறுமையாகவே கிடக்கும். "பணம் அன்றைக்கே வந்துவிட்டது. நான் கேட்பது இந்த வரவை" என்பார். ஒருமுறை என் ஏட்டைக் காட்டினார். 2018இல் நான் வாங்கிய சிறுகதைத் தொகுப்புக்கு எதிரே 'ஏழாம் கதை போதும் என்றார்' என்று இருந்தது. அப்படிச் சொன்னதை நானே மறந்திருந்தேன்.

அவர் கணிப்பு தவறியதும் உண்டு. என் அப்பா மருத்துவமனையில் கிடந்த நாட்களில் அவர் கொடுத்த நாவலில் பாதிக்கு மேல் மருத்துவமனைதான். அவருக்கு அப்பாவின் நிலை தெரியாது. நானும் சொல்லியிருக்கவில்லை. இருந்தாலும் கோபம் வந்தது, இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு போய்ச் சொன்னபோது வேறு புத்தகம் எதையும் நீட்டாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு அப்பாவைப் பற்றிக் கேட்டார். அன்று நான் எதுவும் வாங்கவில்லை.

மாதத்தின் கடைசி ஞாயிறு மாலை கடையில் வாசிப்புக் கூட்டம் நடக்கும். பதினைந்து பேர் வந்தால் பெரிய கூட்டம். அழகப்பா பல்கலைக்கழக மாணவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், சிங்கப்பூரிலிருந்து திரும்பிவிட்டவர்கள், பக்கத்து வீட்டு ஆச்சிமார் வருவார்கள். 2019இல் சிங்காரத்தின் நாவலையே எடுத்துக்கொண்டோம். வட்டிக்கடைப் பகுதி வந்ததும் ஒரு மாணவி, அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்றால் யார் என்று கேட்டார். பெட்டியடிப் பையன் கடையின் இளைய பணியாள், அடுத்தாள் அவருக்கு மேல், மேலாள் கடையை நடத்துபவர் என்று பேராசிரியர் ஒருவர் விளக்கத் தொடங்கினார். அதுவரை ஓரமாக உட்கார்ந்திருந்த, எண்பது தாண்டிய ஆச்சி கையை உயர்த்தினார்.

"என் அப்பச்சி (அப்பா) பினாங்குக்குப் பெட்டியடிப் பையனாகப் போனவர். அடுத்தாளாகி, மேலாளாகவும் ஆனார். மூன்று வருடக் கணக்கு முடித்தால்தான் ஊர் திரும்ப முடியும். நான் பிறந்தபோது அவர் அங்கே. கணக்கு முடித்து வந்து இறங்கியபோது நான் வீட்டு வளவில் ஓடிக்கொண்டிருந்தேனாம். இது யார் வீட்டுப் பிள்ளை என்று ஆத்தாவைக் கேட்டாராம்."

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அண்ணன், "ஆச்சி, அந்தப் பக்கத்தை நீங்கள் படியுங்களேன்" என்றார். "கண்ணாடி கொண்டுவரவில்லையே, தம்பி" என்றார் ஆச்சி. அந்த மாணவி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து வாசித்தார். ஆச்சி வரிக்கு வரி தலையசைத்தபடி இருந்தார். இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. நாவலை நான் தனியாக இரண்டு முறை படித்திருக்கிறேன். அந்த மூன்று வருடத்தின் நீளம் அன்றுதான் எனக்குப் பிடிபட்டது.

பழைய நூல்களுக்குத் தனி அறை உண்டு. வீடுகள் விற்கப்படும்போது தூணும் கதவும் பழம்பொருள் கடைகளுக்குப் போய்விடுகின்றன. புத்தகங்கள் எடைக்குப் போகின்றன. அண்ணன் முந்திக்கொண்டு சிலவற்றை மீட்டு வருகிறார். ரங்கூன் கடை முத்திரை குத்திய, பூச்சி அரித்த பக்தி நூல் ஒன்றை அங்கே கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். பக்கத்துக் கோட்டையூர்க்காரர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த நூல்களை, 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994இல் அவை சென்னையில் ஆய்வு நூலகமாயின. அந்தத் தொகுப்பு தப்பியது. எங்கள் தெருக்களில் இன்றும் எத்தனையோ பெட்டிகள் திறக்கப்படாமலே எடைக்குப் போகின்றன என்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம். யாராவது வீட்டைக் காலி செய்கிறீர்கள் என்றால், தயவுசெய்து அண்ணனுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கேட்ட புத்தகம் வந்துசேரப் பத்து நாள் ஆகும், ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும்போது இன்னும் தாமதம். தள்ளுபடி ஐந்து சதவீதத்துக்கு மேல் கிடையாது. அறிவியல் நூல்கள் குறைவு. பெரிய குறை குழந்தைகள் அலமாரி: ஒரே தட்டு, அதிலும் பாதி வண்ணம் தீட்டும் புத்தகங்கள். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா பிறந்த இராயவரம் இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும் தூரம். இந்த மண்ணில் இருக்கும் கடைக்கு இது போதாது. மூன்று ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். போன மாதம் இன்னொரு தட்டை ஒழித்து வைத்திருந்தார். என் மகளுக்குப் பேரேட்டில் தனி ஏடும் போட்டிருக்கிறார். அதில் இரண்டு பற்று இருக்கிறது, வரவு இன்னும் எழுதப்படவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: மதியம் ஒன்று முதல் நான்கு வரை கடை பூட்டியிருக்கும். கூட்டத்துக்கு முன்பதிவும் கட்டணமும் கிடையாது. பங்குனியில் மட்டும் கூட்டம் நடக்காது. கம்பன் கழகம் 1939இல் சா. கணேசன் தொடங்கியது; அதன் விழா நடக்கும் மாதம் அது. அந்த நாட்களில் அண்ணன் கடையை மாலையிலேயே அடைத்துவிட்டு விழாப் பந்தலுக்குப் போய்விடுவார். நிறைவு நாளில் கம்பர் சமாதி இருக்கும் நாட்டரசன்கோட்டைக்குப் போகும் பஸ்ஸில், துணிப்பையும் கையுமாக அவரைப் பார்க்கலாம்.