580 அடி, ஒன்றரை இஞ்ச் தண்ணீர்: போர் வண்டிக்கு மூன்றரை நட்சத்திரம்

ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டி எப்படி என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "நல்ல வண்டிங்க, எங்களுக்கு 400 அடியிலயே தண்ணி வந்துருச்சு." தண்ணீர் வந்தால் நல்ல வண்டி, வராவிட்டால் ராசியில்லாத வண்டி. கீழே கல் வெடித்திருக்கிறதா இல்லையா என்பதற்கு வண்டிக்காரர் என்ன செய்வார்? அதனால் இந்த மதிப்பெண்ணில் தண்ணீரைச் சேர்க்கவில்லை. அடிக்கணக்கு, கேசிங் பைப், எந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார்கள், கிளம்பும்போது எப்படி விட்டுப் போனார்கள், இவ்வளவுதான் பார்த்தேன்.

காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டம். 60 தென்னை, ஒரு வீடு, மழை பெய்தால் மட்டும் தண்ணீர் காட்டும் பழைய கிணறு ஒன்று. இந்தச் சித்திரையில் ஆறரை இஞ்ச் போர் போட்டோம். வண்டி திருச்செங்கோட்டு வண்டி. நம் ஊரில் வேறு என்ன வண்டி வரும்! ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் வரைக்கும் போய் ஓட்டை போடுகிறவர்கள். ஆனால் நாம் பேசுவது வண்டிக்காரரோடு அல்ல, நடுவில் இருக்கும் ஏஜெண்டோடு. இதை முதலிலேயே புரிந்துகொண்டால் பாதித் தலைவலி குறையும்.

இடம் பார்த்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாமனார் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவரை அழைத்து வந்தார், நான் நான்கு கம்பி நட்டு நிலத்துக்குள் மின்சாரம் எவ்வளவு தடைபடுகிறது என்று பார்க்கும் சர்வேக்காரரை அழைத்து வந்தேன். இரண்டு பேரும் வேறு வேறு மூலையைக் காட்டினார்கள். சர்வே காட்டிய இடத்தில் போட்டோம். மாமனார் இன்னும் சரியாகப் பேசவில்லை. வேளாண்மைப் பொறியியல் துறையிலும் இதே கருவியோடு வந்து குறைந்த கட்டணத்தில் பார்த்துக் கொடுக்கிறார்கள், அவசரம் இல்லாதவர்கள் அங்கே எழுதிக் கொடுக்கலாம்.

ரேட்: 300 அடி வரை அடிக்கு 95 ரூபாய், அடுத்த நூறு அடிக்கு 105, அதற்கடுத்த நூறுக்கு 115, 500 அடி தாண்டினால் 130. டீசல் விலையைப் பொறுத்து இது மாறும். போனில் ஏஜெண்ட் இதை மட்டும்தான் சொல்வார். காசு இருப்பது கேசிங்கில். கல் தட்டும் வரை மண் சரியாமல் இருக்க இறக்கும் ஏழு இஞ்ச் பிவிசி பைப் அது. என்னிடம் 10 கிலோ பைப் (எடை இல்லை, தாங்கும் அழுத்தம்), அடி 520 ரூபாய் என்று பேசியிருந்தார். வண்டியில் வந்து இறங்கியது 6 கிலோ பைப். பைப்பின் மேலேயே அச்சடித்திருக்கிறது, டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். கேட்டதற்கு, "வீட்டுப் போருக்கு இதே போதுங்க மேடம், எல்லாரும் இதத்தான் போடறாங்க" என்றார். போதும் என்றால் விலையும் அதற்குத் தகுந்தாற்போல இருக்க வேண்டுமே. கடைசியில் 400 ரூபாய்க்கு இறங்கி வந்தார். நான்கு பைப் இறக்கலாம் என்று வேறு சொல்லிப் பார்த்தார். ஆபரேட்டர்தான், "52 அடியிலயே கல்லு கெட்டியாயிருச்சுங்க, மூணு பைப் போதும்" என்று வெட்டிவிட்டார். கெட்டிக் கல்லுக்குள் ஐந்தாறு அடியாவது கேசிங் உட்கார வேண்டும், 60 அடி அதற்குச் சரி.

அந்த ஆபரேட்டருக்கு மட்டும் தனியாக ஐந்து நட்சத்திரம் கொடுக்கலாம். கம்ப்ரசர் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது, இவர் கையாலேயே எல்லாம் சொல்வார். வெளியே பீறிடும் கல்மாவில் மண்வெட்டியை நீட்டி ஒரு அள்ளு எடுத்து, விரலில் தேய்த்துப் பார்த்து, என் உள்ளங்கையிலும் கொஞ்சம் போட்டார். சாம்பல் நிறம், அரிசி ரவை மாதிரி நறநறவென்று, இன்னும் சூடு ஆறாமல். 430 அடிக்கு மேல் அதே மாவில் துரு நிறத்தில் பொடிக்கல் கலந்து வந்தது. "தண்ணி ஓடுன கல்லுங்க்கா, கேப்பு பக்கத்துல இருக்குது" என்றார். கேப்பு என்றால் கல்லுக்குள் தண்ணீர் ஓடும் வெடிப்பு. ஈரம் ஏறி, புகை அடங்கி, மாவு சேறாகி, 460இல் தண்ணீர் கிளம்பியது. 540இல் இன்னொரு கேப்பு.

580இல் ஏஜெண்ட் போனில் வந்தார். "ஏனுங் மேடம், இன்னும் நூறு அடி போயிரலாங்களா? கீழ நல்ல ஊத்து இருக்குதுங்க." ஆபரேட்டர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "ரெண்டு ராடா ஒரே கருங்கல்லுங்க்கா. போனா உங்க காசுதான் போவும்." (ராடு என்றால் ஒன்றோடொன்று மாட்டி உள்ளே இறக்கும் இரும்புக் குழாய்.) நிறுத்தச் சொல்லிவிட்டேன். போகப்போக அடி ரேட் ஏறுகிற தொழிலில், போதும் என்று சொல்கிறவர் கிடைப்பது பெரிய விஷயம்.

அடுத்தது இஞ்ச் கணக்கு. வந்து எட்டிப் பார்த்த ஏஜெண்ட், "ரெண்டரை இஞ்ச் தண்ணிங்க" என்றார். வி வடிவத்தில் வெட்டிய தகடு வைத்து, அந்த வெட்டில் தண்ணீர் எத்தனை இஞ்ச் உயரத்துக்கு வழிகிறது என்று அளந்து காட்டச் சொன்னேன். ஒன்றரைதான் இருந்தது. ஒரு இஞ்ச்தானே குறைவு என்று விட்டுவிடாதீர்கள். 90 டிகிரித் தகட்டில் ஒரு இஞ்ச் என்றால் மணிக்குச் சுமார் 500 லிட்டர். ஒன்றரைக்குச் சுமார் 1,400, இரண்டரைக்கு 5,000 வரும். அந்த 5,000ஐ நம்பி மோட்டார் வாங்கினால், தண்ணீர் வற்றி வெறுமனே ஓடியே மோட்டாரின் காயில் எரிந்துவிடும். சொட்டு நீரில் தென்னைக்கு ஒரு நாளைக்கு 80 லிட்டர் வைத்தால் 60 மரத்துக்கு 4,800 லிட்டர், மூன்றரை மணி நேரம் ஓட்டினால் போதும். அளந்ததால் சின்ன மோட்டாரோடு முடிந்தது. அதுவும் கம்ப்ரசர் காற்றில் தள்ளும்போது அளக்கும் அளவு கொஞ்சம் கூடுதலாகவே காட்டும்.

பில்லில் 600 அடி என்று எழுதியிருந்தார். ஒரு ராடு 20 அடி. ராடு இறங்க இறங்க மோட்டார் ரூம் சுவரில் சாக்பீஸில் கோடு போட்டு வைத்திருந்தேன், 29 கோடு. "ஹேமர் நீளம் சேர்க்கோணுங்க" என்றார். ராடு நுனியில் கல்லை உடைக்கும் ஹேமர் 20 அடியா இருக்கிறது? கடைசி ராடு தரைக்கு மேலே நின்ற நீளத்துக்கும் அதற்கும் சரியாகிவிடும் என்று ஆபரேட்டரே சொன்ன பிறகு 2,600 ரூபாய் குறைந்தது. ஓட்டியதற்கு 60,900, கேசிங் 24,000, பையன்களுக்கு பேட்டா 2,000, மொத்தம் 86,900. பேட்டா கேட்பதில் எனக்கு வருத்தமில்லை. ஒடிசாவில் இருந்து வந்து ராத்திரி முழுக்க அந்தப் புழுதியில் நிற்கிற பையன்கள்.

குறை சொல்ல வேண்டிய இடம் சேறு. வாய்க்கால் வெட்டி விடாமல் ஓட்ட ஆரம்பித்து, கல்மாவுச் சேறு பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பாவின் எள்ளுக் காட்டில் ஏறிவிட்டது. அவர் காலையில் வந்து கேட்டதை எழுத முடியாது. இன்னொன்று, மூடி. கேசிங் வாயில் சாக்கைச் சுருட்டி அடைத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தார்கள். 2010இலேயே உச்ச நீதிமன்றம் போல்ட் போட்ட மூடி, சுற்றிலும் வேலி என்றெல்லாம் சொல்லியாகிவிட்டது. 2019இல் மணப்பாறை நடுக்காட்டுப்பட்டியில் மூடாத போரில் விழுந்து குழந்தை சுஜித் இறந்ததை இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? மூடி மாட்டிய பிறகுதான் மீதிப் பணம் என்று உட்கார்ந்துகொண்டேன், மாட்டினார்கள். பஞ்சாயத்து அனுமதியையும், "அதெல்லாம் பாத்துக்கலாங்க" என்றுதான் ஏஜெண்ட் சொன்னார். நான் முன்பே எழுதிக் கொடுத்து வாங்கி வைத்திருந்தேன்.

சேறுக்கு அரை, மூடிக்கு அரை, ஏஜெண்டுக்கு அரை. மீதி மூன்றரை.

தாராபுரத்தில் தம்பி தோட்டத்துக்கு ஐப்பசியில் ஒரு போர் போட வேண்டும். மழைக் காலத்தில் வண்டிகள் சும்மா நிற்கும், பேரமும் படியும். இதே வண்டியைத்தான் கூப்பிடப் போகிறேன், ஆனால் ஏஜெண்டுக்குப் போன் போகாது. ஆபரேட்டர் நம்பர் என்னிடம் இருக்கிறது.