24 பென்சில் டப்பா வேண்டாம்: புதிதாக வரைபவருக்கான சாமான்கள், ஒரு மதிப்பீடு

பிள்ளை உயர்நிலைப் பள்ளியில் கலைப் பாடம் எடுத்துவிட்டால், வீட்டில் முதலில் வாங்கித் தருவது 24 பென்சில் அடுக்கிய தகர டப்பா. பார்க்க அழகாகத்தான் இருக்கும், தீபாவளிப் பரிசாகவும் கொடுக்கலாம். ஆனால் அதில் முக்கால்வாசி சீவப்படாமலே கிடக்கும். வரைவதற்கோ, கையில் கிடைத்த மலிவுத் தாள். காசு தப்பான இடத்துக்குப் போகிறது என்பதுதான் எங்கள் குறை. 100 சிங்கப்பூர் வெள்ளி ஒதுக்கினால் பாதியைக் காகிதத்துக்கு விடுங்கள், கால்வாசியை வண்ணத்துக்கு. மிச்சத்தில் பென்சில், ரப்பர், பிரஷ் எல்லாம் அடங்கிவிடும்.

பென்சிலில் ஸ்டெட்லர் மார்ஸ் லூமோகிராஃப், ஃபேபர்-காஸ்டெல் 9000 இரண்டுமே நம்பி வாங்கலாம். பின்னது 1905இலிருந்து வரும் பச்சைப் பென்சில். எதை எடுத்தாலும் 2H, HB, 2B, 4B என்று நான்கே போதும் (H கடினம், B மென்மையும் கறுப்பும்). பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் இருக்கும் ஆர்ட் ஃப்ரெண்ட் போன்ற கடைகளில் தனித்தனியாக எடுக்கலாம். ஒரு நிறுவனத்தின் 2B இன்னொன்றின் 2B அளவுக்குக் கறுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால் நான்கையும் ஒரே வகையில் வாங்குவது நல்லது. லூமோகிராஃபில் 7B, 8B பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். அவற்றில் கரித்தூள் கலந்திருப்பதால் கோடு பளபளக்காமல் அட்டக்கறுப்பாக விழும். மற்ற பென்சில்களின் மினுக்கத்தோடு அது ஒட்டாது, அழிப்பதும் சிரமம்.

வாங்கியதும் சோதித்துப் பாருங்கள். 2 செ.மீ. கட்டம் ஐந்து போட்டு, 4B ஒன்றை மட்டும் வைத்துத் தாளின் வெள்ளையிலிருந்து முழுக் கறுப்புவரை படிப்படியாக நிரப்புங்கள். அது கைவந்த பிறகு ஒன்பது கட்டம். பெரும்பாலோர் இடமிருந்து வலமாக நிரப்பிக்கொண்டே போய் மூன்றாவது கட்டத்திலேயே கறுப்பைத் தொட்டுவிடுவார்கள். அதன்பின் மிச்சக் கட்டங்களெல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். முதலில் இரண்டு கடைசிக் கட்டங்களையும் முடியுங்கள், பிறகு நடுக்கட்டம், அதன்பின் இடைவெளிகள். அழுத்தியும் தேய்க்கக் கூடாது. அழுத்தினால் தாளின் சொரசொரப்பு நசுங்கி, கிராஃபைட் மினுங்கத் தொடங்கும். அதற்குமேல் எத்தனை முறை தீட்டினாலும் ஏறாது. லேசான கையில் நான்கைந்து அடுக்குதான் வழி.

பென்சில் துருவியைவிடக் கட்டர் கத்தி நல்லது: மரத்தை 2 செ.மீ. சீவி, முனையை 1 செ.மீ. நீளத்துக்கு வெளியே விட்டால் பக்கவாட்டில் சாய்த்துத் தீட்ட முடியும். சீவச் சீவ முனை உடைந்துகொண்டே வந்தால் கத்தியைத் திட்ட வேண்டாம். பென்சில் எப்போதோ கீழே விழுந்து உள்ளுக்குள் நொறுங்கியிருக்கும்.

ரப்பர் இரண்டு வேண்டும். வெள்ளைப் பிளாஸ்டிக் ரப்பர் கோட்டை அழிக்க. பிசையும் ரப்பர், அதாவது களிமண்போல உருட்டிக்கொள்ளும் சாம்பல் நிறக் கட்டி, கறுப்பைத் தணிக்க. அதைத் தேய்க்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் பையில் அப்படியே போட்டால் பிசுபிசுத்துத் தூசியெல்லாம் ஒட்டிக்கொள்ளும், சின்ன மூடி டப்பாவில் வையுங்கள். வெள்ளை ரப்பரையோ பிளாஸ்டிக் அளவுகோலோடு சேர்த்து வைத்தால் மாதக்கணக்கில் அதோடு உருகிப் பிடித்துக்கொள்ளும். அதன் காகித உறையைக் கழற்றி எறியாதீர்கள்.

இந்தச் சாமான்களுக்கு நல்ல பரீட்சை கோப்பிக் கடையின் பச்சைப் பூப்போட்ட வெள்ளைப் பீங்கான் கோப்பை. அது கொடுக்கும் பாடத்தை எந்தப் பிளாஸ்டர் உருண்டையும் கொடுக்காது. முதலில் கோப்பையின் நடுவே செங்குத்தாக ஒரு அச்சுக்கோடு. வாய் ஒரு நீள்வட்டம், அதன் நீண்ட குறுக்குக்கோடு அச்சுக்குச் சரியாகச் செங்குத்தாக இருக்க வேண்டும். விளிம்பு தடிமன் என்பதால் உள்ளே இன்னொரு நீள்வட்டம் வரும். அடிப்பாகம் கண்மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருப்பதால் வாயைவிட உருண்டையாகத் தெரியும். தொடங்குபவர்கள் மூன்று இடத்தில் சறுக்குவார்கள்: கோப்பை மேசையில் நேராக நிற்கிறதென்று அடியைத் தட்டைக் கோடாகப் போட்டுவிடுவது, நீள்வட்டத்தின் இரு முனைகளையும் பாதாம் பருப்புபோலக் கூராக்குவது, பூவைக் கோப்பையின் வளைவோடு வளைக்காமல் தட்டையாக ஒட்டிவைப்பது. நீள்வட்டத்துக்கு விரலை அசைத்தால் போதாது, தோளிலிருந்து கை சுழல வேண்டும். 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) நகல் தாள் 500 கொண்ட ஒரு கட்டை இதற்காகவே வாங்கிவிடுங்கள். பக்கத்துக்கு இருபது நீள்வட்டம் போட்டு எறிய அதைவிட நல்ல தாள் இல்லை.

நிழல் தீட்டும்போது கூரை விளக்குகளை அணைத்துவிடுங்கள். இரண்டு குழல்விளக்கு எரியும் அறையில் கோப்பைக்கு இரண்டு நிழல் விழுந்து எது எதற்கென்று குழம்பும். ஒரே மேசை விளக்கு, ஒரே பக்கம். வெளியே போய் வரைவதானால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது மதியம் ஒரு மணி வாக்கில், அப்போது நிழல் காலடியிலேயே ஒடுங்கிவிடும். காலை பத்துக்கு முன்னாலோ மாலை நாலரைக்குப் பின்னாலோ போங்கள்.

பெர்ஸ்பெக்டிவ், அதாவது தூரம் போகப் போகப் பொருள் சிறுத்துத் தெரிவதை வரைவது, பழக 30 செ.மீ. அளவுகோலும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளமும் போதும், தனிக்கருவி எதுவும் வேண்டாம். தூண்களைச் சம இடைவெளியில் போடுவதுதான் வழக்கமான பிழை. முதல் தூணின் உச்சியிலிருந்து இரண்டாவது தூணின் நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு இழுங்கள், அது தரையைத் தொடும் இடத்தில்தான் மூன்றாவது தூண் நிற்கும்.

இனி காகிதம். பென்சிலுக்கு 110 ஜிஎஸ்எம்முக்குக் குறையாத A4 ஸ்கெட்ச் புத்தகம். நீர்வண்ணத்துக்கு 300 ஜிஎஸ்எம். இதில்தான் பிரச்சினை. மரக்கூழில் செய்த கேன்சன் எக்ஸ்எல் போன்ற தாளும் 300தான், முழுப் பருத்தியில் செய்த ஆர்ஷ் தாளும் 300தான். எடை ஒன்று, குணம் வேறு. பலகைக்கு அடியில் ஒரு புத்தகத்தைச் செருகிச் சாய்த்து, அல்ட்ராமரின் நீலத்தைக் கரைத்து 10க்கு 15 செ.மீ. பரப்பில் சீராக இறக்கிப் பாருங்கள். மரக்கூழ்த் தாளில் ஈரம் திட்டுத் திட்டாகக் காயும். இரண்டாம் முறை பிரஷ் பட்டதும் முதல் அடுக்கு கிளம்பிக் கோடு கோடாகிவிடும். பருத்தித் தாள் ஈரத்தை நெடுநேரம் பிடித்துவைத்து, திருத்த அவகாசம் கொடுக்கும். மரக்கூழ்த் தாளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: தப்பாகப் போட்ட வண்ணத்தை நீர் தொட்டு எளிதில் எடுத்துவிடலாம். நிறக்கலவை பழக அதுவே நல்லது. ஆனால் கை சரியாக இருந்தும் படம் கெடும்போது மாணவர் தன்னைத்தான் நொந்துகொள்வார், தாளை நினைக்கமாட்டார். 56க்கு 76 செ.மீ. பருத்தித் தாள் ஒன்றை எட்டாக வெட்டினால் 28க்கு 19 செ.மீ. துண்டு எட்டு கிடைக்கும். இரண்டு தாள் வாங்கினால் ஒரு மாதம் ஓடும்.

மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தீட்டுங்கள், காற்று அடிக்கும் பக்கம் முந்திக் காயும். இரண்டாம் அடுக்கு போடும் முன் புறங்கையால் தாளைத் தொடுங்கள். சில்லென்றிருந்தால் உள்ளே இன்னும் ஈரம், அப்போது வண்ணம் வைத்தால் காலிஃபிளவர்போல விளிம்பு விரியும். ஆண்டிறுதி மழை மாதங்களில் இதற்குப் பொறுமை நிறையவே வேண்டும்.

வண்ணத்துக்கு வின்சர் அண்ட் நியூட்டனின் காட்மன் 12 வண்ணப் பெட்டி. மாணவர் தரம்தான், முதல் ஓராண்டுக்குத் தாராளமாகப் போதும். பெயரோடு 'ஹியூ' என்று வந்தால் அசல் நிறமிக்குப் பதில் மாற்று நிறமி என்று அர்த்தம், ஏமாற்று இல்லை. வெள்ளைக் கட்டியைத் தொடாதீர்கள், தாளே வெள்ளை. கறுப்பு வேண்டுமென்றால் அல்ட்ராமரின் நீலத்தோடு செம்பழுப்பான பர்ன்ட் சியன்னாவைக் கலந்தால் உயிருள்ள சாம்பலிலிருந்து கறுப்புவரை வரும். ஊதா கலக்கும்போது ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த சிவப்பை எடுத்தால் சேறாகும், அதற்குள் மஞ்சள் ஒளிந்திருக்கிறது. நீலப் பக்கம் சாய்ந்த சிவப்பான அலிசரின் கிரிம்சனை எடுங்கள். பிரஷ் ஒன்றே போதும், 8ஆம் எண் செயற்கை இழை உருண்டைப் பிரஷ். தண்ணீரில் நிற்கவிட்டால் நுனி வளைந்துபோகும்.

வடிவமைப்புக்குப் பாடப்புத்தகம் தேடுவதற்கு முன் பணப்பையைத் திறங்கள். 50 வெள்ளி நோட்டின் பின்பக்கத்தில் ஓவியர்கள் சென் வென் சியின் குரங்குகளும் சியோங் சூ பியெங்கின் கருவாடு காயப்போடும் பெண்களும் இருக்கிறார்கள், பக்கத்தில் வீணையும்கூட. கருவாட்டு ஓவியத்தை 4க்கு 6 செ.மீ. கட்டத்தில் வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்றே டோனில் சுருக்குங்கள். முகமும் துணிமடிப்பும் வேண்டாம், திட்டுகள் மட்டும். கறுப்புத் திட்டுகள் எங்கே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன என்று பார்த்தாலே ஓவியர் கண்ணை எப்படி நடத்திச் செல்கிறார் என்பது பிடிபடும். 2B பென்சிலும் நகல் தாளும் போதும்.

வண்ணப் பெட்டியை ஈரத்தோடு மூடிவைத்தால் இங்கே சில நாளிலேயே பூஞ்சை பிடிக்கும். இரவு முழுக்கத் திறந்தே காயவிட்டு, காலையில் மூடுங்கள். மிச்சத் தாளை ஜிப் பையில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு. ஈரக்காற்றில் கிடந்து, நீர் சட்டென்று உறிஞ்சாமல் காக்கும் நீர்த்தடுப்புப் பசை கெட்டுப்போன தாளில் வண்ணம் விழுந்த இடத்தில் உறிஞ்சிக்கொள்ளும், அதை எந்தக் கையாலும் சீராக இறக்க முடியாது.