433 மெகாஹேர்ட்ஸும் உப்புக்காற்றும்: நான்கு வருடமாக என் மேசையில் இருக்கும் கருவிகள்

திருகோணமலையின் கொட்டியாரக்குடாவில் தொழிலுக்குப் போகும் வள்ளங்கள் எங்கே நிற்கின்றன என்பதைக் கரைக்கு அறிவிக்கும் ஒரு சிறு பெட்டியை நானும் நண்பன் ஒருவனும் உப்புவெளியில் உருவாக்கி வருகிறோம். உள்ளே ஜிபிஎஸ், குறைந்த சக்தியில் தொலைதூரத்துக்குத் தரவு அனுப்பும் எஸ்எக்ஸ்1278 லோரா சிப். மீடிறன் 433 மெகாஹேர்ட்ஸ். முதல் எட்டு மாதம் அளவீட்டுக் கருவி எதுவும் இல்லாமலே வேலை செய்தோம். தெருவில் 2 கிலோமீற்றர் போன சிக்னல், வள்ளத்தில் கட்டியதும் 600 மீற்றரில் நின்றுவிட்டது. பிழை மென்பொருளில்தான் என்று நம்பி அதையே மாற்றி மாற்றி எழுதினோம். இன்னொருவர் அப்படி மாதக்கணக்கில் அலையக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது நானோவிஎன்ஏ-எச்4. அன்ரெனா எந்த மீடிறனில் ஒத்திசைகிறது, அனுப்பும் சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை இது காட்டும். எங்கள் சுருள் அன்ரெனா வெளியில் இருக்கும்போது 433இல் அழகாக நின்றது. தண்ணீர் புகாதிருக்க எப்பொக்சி ஊற்றியதும் 400க்கு அருகே இறங்கிவிட்டது. 433இல் ரிட்டர்ன் லாஸ் (அனுப்பியதைவிடத் திரும்பி வருவது எவ்வளவு குறைவு என்ற அளவு) 4 டெசிபெல் மட்டுமே. அதாவது சக்தியில் ஏறக்குறைய 40 வீதம் சிப்புக்கே திரும்பிக்கொண்டிருந்தது. எப்பொக்சி இறுகிய பிறகு 433இல் வந்து நிற்கும்படி, ஊற்றுவதற்கு முன்பே கம்பியைக் கொஞ்சம் வெட்டிக் குறைத்தோம்.

ஆனால் கணக்குப் போட்டால் 40 வீதம் திரும்புவதால் வரும் இழப்பு 2.2 டெசிபெல்தான். தூரம் அவ்வளவு சுருங்க அது போதாது. மீதிக் காரணம் உயரம். 433இல் 5 கிலோமீற்றர் இடைவெளிக்கு நடுவழியில் ஃப்ரெனல் வலயத்தின் (சிக்னல் குறையாமல் போக, நேர்கோட்டைச் சுற்றித் தடையின்றி இருக்க வேண்டிய வெளியின்) ஆரம் சுமார் 29 மீற்றர். வள்ளத்தின் முன்பக்கத்தில், அணியத்தில் கட்டிய பெட்டிக்குக் கடலே மறைப்பு. நீரை ஒட்டிய இப்படியான பாதையில் ஒரு முனையின் உயரத்தை இரட்டிப்பாக்கினால் ஏறத்தாழ 6 டெசிபெல் கிடைக்கும். பவர் அம்ப்ளிஃபயருக்கு ஒதுக்கிய காசில் கரையில் உயரமான கம்பம் நட்டோம். பிழையில் எவ்வளவு அன்ரெனாவுடையது, எவ்வளவு அதனுடையது அல்ல என்று எண்ணில் சொன்னதாலேயே இந்தச் சின்னக் கருவி எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இதைப் பயன்படுத்துவதில் இரண்டு விடயங்களைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். கலிப்ரேஷனை (அளவு தெரிந்த லோடுகளை வைத்துக் கருவியைச் சரிசெய்வதை) கேபிளின் கடைசி முனையில், அன்ரெனா பொருந்தும் இடத்திலேயே செய்ய வேண்டும். அடுத்து, அளக்கும்போது கேபிளைக் கையால் தொட்டுப் பாருங்கள். திரையில் கோடு அசைந்தால் கேபிளும் அன்ரெனாவாக வேலை செய்கிறது என்று அர்த்தம். கேபிளில் ஃபெரைட் மணிகளைக் கோத்த பிறகுதான் எங்கள் அளவுகள் நாளுக்கு நாள் மாறாமல் நின்றன. 300 மெகாஹேர்ட்ஸுக்கு மேல் இந்தக் கருவி ஹார்மோனிக்கை (அடிப்படை மீடிறனின் இரண்டு, மூன்று மடங்குகளில் எழும் அலையை) வைத்தே அளப்பதால் டைனமிக் ரேஞ்ச் (அளக்கக்கூடிய மிகப் பெரிய, மிகச் சிறிய சிக்னல்களுக்கு இடையிலான வீச்சு) குறையும். அன்ரெனாவுக்கு அது பொருட்டில்லை; ஃபில்டர் வடிவமைப்பவர்கள் யோசிக்க வேண்டும்.

அடுத்தது, எந்த மீடிறனில் எவ்வளவு சக்தி வெளிவருகிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர். இங்கேதான் தேர்வில் தவறினேன். விலையைப் பார்த்து முதல் தலைமுறை டைனிஎஸ்ஏ வாங்கினேன். அதன் மேல் எல்லை 960 மெகாஹேர்ட்ஸ். 433இன் இரண்டாம் ஹார்மோனிக் 866இல் வரும், தெரியும். மூன்றாவது 1299இல் வரும், தெரியாது. விற்பனைக்குக் கொண்டுபோகும் முன் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். அங்கே போகும்போது மூன்றாவது ஹார்மோனிக் பற்றி எதுவும் தெரியாமல் போக முடியாது. பிறகு டைனிஎஸ்ஏ அல்ட்ரா வாங்கினோம். 5 கிகாஹேர்ட்ஸுக்கு மேலும் போகும். உங்கள் பொருளின் மீடிறனை மூன்றால், முடிந்தால் ஐந்தால் பெருக்கிப் பாருங்கள். அனலைசரின் எல்லை அதற்கு மேலே இருக்கட்டும்.

பழைய டைனிஎஸ்ஏயை நான் இழந்த விதத்தையும் சொல்ல வேண்டும். அதன் உள்ளீடு தாங்குவது 10 டிபிஎம் (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்). எங்கள் சிப் அனுப்புவது 20 டிபிஎம், அதாவது 100 மில்லிவாட். ஒரு நாள் இரவு அவசரத்தில் சக்தியைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் போடாமல் நேரே இணைத்துவிட்டேன். அதன் பிறகு அது சரியாக அளந்ததே இல்லை. இப்போது 30 டெசிபெல் அட்டெனுவேட்டர் அல்ட்ராவின் வாயிலேயே நிரந்தரமாக இருக்கிறது. அதையும் நம்பி வாங்க முடியவில்லை. இணையத்தில் வாங்கிய முதல் அட்டெனுவேட்டரை நானோவிஎன்ஏயில் அளந்தபோது 433இல் 30 காட்டியது, 1300இல் 24தான். எங்கும் 30 என்று நம்பிக் கணக்குப் போட்டிருந்தால், மூன்றாவது ஹார்மோனிக் உண்மையில் இருப்பதைவிட 6 டெசிபெல் கூடுதலாகத் தெரிந்திருக்கும்.

இன்னொரு சோதனை: ஹார்மோனிக் உங்கள் கருவியிலிருந்து வருகிறதா, அனலைசருக்குள்ளேயே உண்டாகிறதா என்ற சந்தேகம் எழும். வெளியே இன்னும் 10 டெசிபெல் அட்டெனுவேட்டர் சேருங்கள். இரண்டாம் ஹார்மோனிக் 10 குறைந்தால் அது உங்களுடையது. 20 குறைந்தால் அனலைசர் உருவாக்கியது.

லோராவின் பொட்டலங்கள் குறுகிய நேரமே நீடிப்பதால் மீடிறன்களை ஒன்றன்பின் ஒன்றாக ஸ்வீப் செய்யும் அனலைசர் அவற்றைத் தவறவிடும். அளப்பதற்குச் சிப்பைத் தொடர் அலை அனுப்பும் நிலையில் வைக்கிறோம். பொட்டலம் போகிறதா என்று பார்க்க கணினியில் செருகும் சிறு ரேடியோ ரிசீவரான ஆர்டிஎல்-எஸ்டிஆர் போதும். வாட்டர்ஃபோலில் (சிக்னல் நேரத்தோடு மாறுவதைக் காட்டும் படத்தில்) லோராவின் சரிந்த கோடுகள் தெளிவாகத் தெரியும். விலை மிகக் குறைவு, நான்கு வருடத்தில் ஒரு தொல்லையும் தரவில்லை.

தொல்லை தந்தது காற்று. வாடைக் காலத்தில் யன்னலைச் சாத்தினாலும் உப்பு உள்ளே வருகிறது. கேபிளைத் திருகிப் பொருத்தும் மலிவான எஸ்எம்ஏ இணைப்பிகளின் பித்தளையில் பச்சை பிடித்தது. துருப்பிடிக்காத உருக்கில் செய்தவற்றுக்கு மாறினோம்; இப்போது எல்லாம் சிலிக்கா ஜெல்லோடு இறுக்கமான டப்பாவுக்குள். வாங்கும்போது, ஊசியும் துளையும் இடம் மாறிய ஆர்பி-எஸ்எம்ஏ கலந்து வந்துவிடாமல் பாருங்கள். மரை சரியாகப் பொருந்தும், நடு ஊசி தொடாது.

போன வருடம் எல்லா அன்ரெனாக்களும் ஒரே நாளில் கெட்டுப்போனது போல அளவு காட்டியது. இரண்டு நாள் தேடினோம். கலிப்ரேஷனுக்கு வைத்திருந்த 50 ஓம் லோடை மல்ற்றிமீற்றரில் வைத்தபோது 57 காட்டியது. அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் முதலில் அளப்பது அந்த லோடைத்தான்.