தியாகராய நகரில் மூன்று வகை நடை

கடைத்தெருவை ஆற அமர உலாவும் இடமாக மாற்ற வேண்டும் என்ற பேச்சு சென்னையில் எழும்போதெல்லாம், வண்டிகளைத் தடுத்துவிட்டால் போதும் என்பதே முதல் யோசனையாக வருகிறது. அது மட்டும் போதாது என்பதற்கு ரங்கநாதன் தெருவே சாட்சி. மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து உஸ்மான் சாலைக்குச் செல்லும் அந்தக் குறுகிய தெருவில், கடை நேரத்தில் கார் நுழைய வழியே இல்லை. ஆனாலும் தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலையில் செருப்பு வார் அறுந்தால் குனிந்து பார்ப்பதற்குக்கூட இடம் கிடைக்காது, பின்னால் வரும் கூட்டமே நம்மைத் தள்ளிக்கொண்டு போய் உஸ்மான் சாலையில் விட்டுவிடும்.

இந்த நெரிசலுக்கு மாற்றாக 2023 மே மாதம் திறக்கப்பட்ட ஆகாய நடைபாதை, ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் சுமார் 570 மீட்டர் நீளத்துக்கு இணைக்கிறது. பேருந்தைப் பிடிக்க விரைபவருக்கு அது பெரிய உதவிதான். கீழே உள்ள தெரு மட்டும் இருந்தபடியே இருக்கிறது.

பாண்டி பஜாரில், அதாவது தியாகராய சாலையில், 2019 நவம்பரில் திறக்கப்பட்ட நடைபாதை வளாகம் வேறு வழியைத் தேர்ந்தது. வண்டிகளை முற்றிலும் விலக்காமல் அவற்றுக்கான பாதையைக் குறுக்கி, மிச்சப்பட்ட அகலத்தை நடப்பவர்களுக்குக் கொடுத்து, உட்கார இருக்கைகளையும் போட்டார்கள். என் கணக்கில் மூன்றிலும் இதுவே மேல். காரணம் அந்த இருக்கைகள்தாம். மனைவியும் மகளும் புடவைக் கடைக்குள் போயிருக்க, நான்கு பைகளைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு காவல் காக்கும் குடும்பத் தலைவர், எதையும் வாங்காமலே அரை மணி நேரம் அங்கே உட்கார்ந்திருக்கலாம். ரங்கநாதன் தெருவில் அவருக்கு ஒரு கடைப் படிகூட மிஞ்சாது.

குறைகளும் உண்டு. அகலமான நடைபாதையைக் கண்டால் இரு சக்கர வண்டிக்காரர்களுக்கு அது நிறுத்துமிடமாகத் தோன்றிவிடுகிறது. தெருவோர வியாபாரிகளை 2013-இலேயே அடுக்குமாடி வணிக வளாகத்துக்கு அனுப்பிவிட்டதால், நின்று பேரம் பேசி வேடிக்கை பார்க்கும் சுவையும் குறைந்துபோனது.

டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகன் 1962-இல் ஸ்ட்ரோகெட் தெருவை, ஒரு கிலோமீட்டருக்கும் சற்றுக் கூடுதலான நீளத்துக்கு, முதலில் சோதனையாகவே கார்களுக்கு மூடியது. தெருவில் உலாவுவது டேனியர் வழக்கமா என்ற எதிர்ப்பை மீறி அது நிலைத்தது. பாண்டி பஜாரையும் அப்படி அடைக்கலாமா என்றால், மாலை வேளைகளில் பேருந்துகளை மட்டும் அனுமதித்து அடைக்கலாம் என்பேன். ஆனால் அதற்கு முன்பாக, பூ விற்பவருக்கும் சுண்டல் வண்டிக்கும் அந்த நடைபாதையிலேயே கோடு போட்டு இடம் ஒதுக்கிவிட வேண்டும்.