டிசம்பரில் ஊட்டி: ஏரியோரம் வேண்டாம், மேட்டில் தங்குங்கள்

கனடாவில் வெளியே மைனஸ் 20 இருந்தாலும் வீட்டுக்குள் டி-ஷர்ட் போதும். ஊட்டியில் ராத்திரி வெளியே 5 டிகிரி என்றால் அறைக்குள் பெரிய வித்தியாசம் இருக்காது. இது மறந்துபோய்த்தான் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் டிசம்பரிலும் ஏரி தெரிகிற அறையாகத் தேடுகிறார்கள்.

ஏரி, பஸ் ஸ்டாண்ட், ரேஸ் கோர்ஸ் எல்லாமே பள்ளம். தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் இறங்கி அங்கேதான் தேங்கும். விடிகாலையில் ரேஸ் கோர்ஸ் புல் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும்.

இந்த முறை ஏரியோர அறையில் வயிற்றெரிச்சல் ஹீட்டரால்தான். அதற்குத் தனி வாடகை. 2000 வாட் ஹீட்டரைக் கன்வெர்ட்டர் மாட்டிச் சின்ன பிளக்கில் சொருகித் தருகிறார்கள். அது இழுப்பது 9 ஆம்பியர்; அந்த பாயின்ட் தாங்குவது 6. கொஞ்ச நேரத்தில் பின் சுட்டு, பிளாஸ்டிக் இளகி நாற்றம் வரும். கீசர் பக்கத்துப் பெரிய பிளக்குக்கு மாற்றினால் ஹீட்டரும் கீசரும் சேர்ந்து 17 ஆம்பியரைத் தாண்டும். பிரேக்கர் தாங்காமல் விழும், அறையே இருட்டு. ரூம் பாய் வந்து தூக்கிவிடுவார், திரும்பவும் விழும். சீசன் வாடகை வாங்குகிற இடத்தில் ஹீட்டருக்கு ஒரு தனி லைன் இழுக்கக் கூடாதா? அதுவரை ஒரே வழி: 15 லிட்டர் கீசரை 20-25 நிமிடம் ஓடவிட்டு, அணைத்த பிறகு ஹீட்டர். கரி அடுப்பு கொண்டுவந்தால் திருப்பி அனுப்புங்கள். மூடிய அறையில் அதன் நச்சுவாயு உயிரை வாங்கும். பழைய பங்களாக்களில் புகைபோக்கியோடு கணப்பு இருந்தது, யூகலிப்டஸ் கட்டை வாசனையோடு தூக்கம் வரும். இப்போது பல இடங்களில் அதை அடைத்து டிவி மாட்டிவிட்டார்கள்.

எல்க் ஹில், ஃபெர்ன்ஹில் சரிவுகளில் கிழக்குப் பார்த்த அறை கிடைத்தால் விடாதீர்கள். காலை வெயில் நேரே உள்ளே விழும். ஆனால் ஏற்றம் கடுமை. பெரியவர்கள் கூட இருந்தால் வாசல் வரை கார் ஏறுமா, எத்தனை படி என்று போனிலேயே கேளுங்கள். சாப்பாடு, கடைகண்ணி பக்கத்தில் வேண்டுமென்றால் ஊர் நடுவில் உள்ள சேரிங் கிராஸ் சந்திப்புப் பக்கம். மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி எடுங்கள்.

கைக்குழந்தை இருந்தால் குன்னூரே மேல். ஊட்டி 2240 மீட்டர், குன்னூர் 1850. குளிர் 2-3 டிகிரி குறையும். ஊட்டிக்கு அடிக்கடி பஸ் இருக்கிறது, பகலில் போய்ச் சுற்றிவிட்டு இருட்டுமுன் இறங்கிவிடலாம்.